கோபுரம் முழுசாக விழுந்த இருநூற்றுப் பதினாலு படங்கள்

திருக்காட்டுப்பள்ளி
புரட்டாசி 12, ஞாயிறு

அன்பு மகள் செம்மொழிக்கு சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் மாடும் கன்றும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே டப்ளின் குளிரில் நீயும் நடுக்கடலில் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்களோ என்பதுதான் இந்த வீட்டில் காலைக் காப்பிக்கு முந்தின பேச்சு. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆவணி மாசம் நீங்கள் இரண்டு பேரும் வந்து இறங்கினவுடனே உன் போனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உன் சித்தியிடம் சொன்னேன், மதுரம், இந்த போன்ல படம் சரியா விழாது, பிள்ளைங்க பின்னாடி வருத்தப்படப் போகுதுங்க பாருன்னு. அவளைக் கேட்டால், நீங்க அப்படி ஒண்ணும் சொல்லலை, இதுல டார்ச் எங்க இருக்குன்னுதான் கேட்டீங்க என்கிறாள். அவளுக்கு இப்போதெல்லாம் மறதி ஜாஸ்தியாகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை நீ சித்தியோடு பேசினதை நான் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை, அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நான் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் படமெல்லாம் சூப்பர் சித்தப்பான்னு சொன்னவள் அவளிடம் அழுகிறாய். இருநூத்திப் பதினாலு படம் சித்தி, ஒண்ணுலகூட ரெண்டு பேர் மூஞ்சியும் சேர்ந்து தெரியலை, அவர் கப்பலை விட்டு இறங்க இன்னும் எட்டு மாசம் ஆகும், சுவத்துல மாட்டிப் பார்த்துக்கக்கூட ஒரு படம் இல்லை, கல்யாண ஆல்பத்துல இருக்கிறது மாவு பூசின ரெண்டு பொம்மை, அது நாங்களே இல்லைன்னு நீ சொன்னது தண்ணித்தொட்டி வரைக்கும் கேட்டது. மாடு குடித்து முடித்துத் தலையைத் தூக்கிவிட்டது, நான் வாளியைப் பிடித்தபடியே நின்றேன்.

எடுத்தது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. அண்ணனும் அண்ணியும் போன பிறகு மூன்று வயசில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் நீ, உன்னைப் படம் எடுக்க வேறு யாருக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தேன். வேலையும் தெரியாதவனில்லை. பதினெட்டு வயசில் நம் கடைத்தெரு ஸ்டூடியோவில் எல்லாமே நான்தான், முதலாளி சும்மா உட்கார்ந்திருப்பார், கல்யாண வீட்டில் அந்தக் குடை விளக்கைப் பிடித்துக்கொண்டு நாலு மணி நேரம் நிற்பது லேசான காரியமில்லை. அங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று, கோபுரத்தை மூளியாக எடுக்கக் கூடாது, கலசம் வெட்டுப்பட்ட படம் வீட்டுக்கு ஆகாது. அதனால்தான் உங்களோடு காரில் ஊர் சுற்ற வந்தபோது தஞ்சாவூர் பெரிய கோயிலில் கலசம் உள்ளே வருகிறவரைக்கும் பின்னாலேயே போனேன், நந்தியையும் தாண்டி வாசல் பக்கமே வந்துவிட்டேன், நீங்கள் இரண்டு பேரும் ரெண்டு உளுந்து மாதிரி ஆகிவிட்டீர்கள். கோபுரம் அருமையாக வந்திருக்கிறது, அதை மட்டும் எவனும் குறை சொல்ல முடியாது. கிட்டே போய் எடுத்ததிலெல்லாம் உச்சி வெயில், உனக்குக் கண் மூடியிருக்கிறது, மாப்பிள்ளைக்கு மூக்கு நிழல் மீசை மாதிரி விழுந்திருக்கிறது, மிச்சத்தில் என் கட்டைவிரல். மாப்பிள்ளை ரொம்பப் பொறுமையாகத்தான் சொன்னார், கோபுரம் பாதி போனாலும் பரவாயில்லை மாமா, அது எங்கேயும் போகாது, நாங்கதான் ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு இடத்துல இருக்க மாட்டோம்னு. அப்போது நான் சிரித்தேன். இப்போது அந்தச் சொல் சோற்றில் கல் மாதிரி கடிபடுகிறது.

படம் கெட்டது ஒரு பங்குதான். கல்லணையில் நடந்ததையும் நீ சித்தியிடம் சொன்னாயே, அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. கடைசி நாள், நான் மீன் வறுவல் வாங்கப் போன அரை மணி நேரம், சேலத்துக் குடும்பம் ஒன்று உங்களைப் பார்த்து, தனித்தனியா எடுத்துக்கிறீங்களே, கொடுங்க தம்பி நாங்க சேர்த்து எடுத்துத் தர்றோம்னு கேட்டதாம். தண்ணி ஷட்டர் வழியாக விழுந்து புகை மாதிரி எழும்பிக்கொண்டிருந்ததாம், வெயிலும் இறங்கிவிட்டதாம், மாப்பிள்ளை போனை நீட்டினாராம், நீ வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாயாம். ஏன்னு அவர் கேட்க, சித்தப்பா சொன்னது மறந்துபோச்சா, இதே இடத்துலதான் அந்த டாக்டர் வீட்டுக்காரங்க போனைப் பறிகொடுத்தாங்கன்னு நீ சொல்ல, உங்க சித்தப்பா கதையெல்லாம் நம்புறியா செம்மொழின்னு அவர் சிரிக்க, நீ கோபத்தில், எங்க சித்தப்பா ஊருக்கெல்லாம் அளப்பார், என்கிட்ட பொய் சொல்ல மாட்டார்னு சொல்லிவிட்டாயாம். நான் மீனோடு வரும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் வெயில் அசதி என்று நினைத்து ஆளுக்கு இரண்டு துண்டு கூட வைத்தேன். அந்த முகத்தோடேயே அவர் கப்பல் ஏறிவிட்டார், இப்போதும் போனில் சாப்பிட்டியா தூங்கினியா தவிர வேறு பேச்சில்லை என்கிறாய்.

அந்த டாக்டர் கதை உனக்கு நினைவிருக்கும், முதல் நாள் கார் கிளம்புவதற்கு முன்னால் நான் சொன்னது. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன், சார் நான் எடுத்துத் தர்றேன்னு போனை வாங்கி, இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க, இன்னும் கொஞ்சம்னு சொல்லிச் சொல்லி அவர்களைப் படிக்கட்டு வரைக்கும் நகர்த்திவிட்டு எடுத்தான் ஓட்டம் என்றேன், இடது காலைக் கொஞ்சம் தாங்கித்தான் நடப்பான் என்றும் சொன்னேன். காலைத் தாங்குறவன் எப்படி மாமா ஓடினான்னு மாப்பிள்ளை கேட்டார், அதான் பைக்கை ஸ்டார்ட் பண்ணியே வெச்சிருந்தான்னு சொன்னேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் யார் கையிலும் போனைக் கொடுக்கவில்லை. சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

செவ்வாய் போய் புதன் விடிந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. திருக்கடையூரில் அன்றைக்கு வலங்கைமானிலிருந்து வந்த ஒரு அறுபதாம் கல்யாணம் நடந்ததே, சின்னஞ்சிறுசுகள் வந்து விழுந்து கும்பிடுங்கன்னு அந்த அம்மா கூப்பிட்டு நீங்கள் இரண்டு பேரும் போய் விழுந்தீர்களே, அவர்கள் படமெடுக்க ஆள் வைத்திருந்தார்கள். உடனே மூன்று பஸ் மாறி வலங்கைமான் போனேன், வழியெல்லாம் பேய் மழை, இடுப்பளவு தண்ணியில் நடந்தேன் (தூறல்தான், கணுக்கால் நனைந்தது). அறுபதாம் கல்யாணம் எடுத்த போட்டோக்காரர் யார் என்று நாலு கடையில் கேட்டதில் தங்கமணி என்று ஒருவரைக் கை காட்டினார்கள். நல்ல மனுஷன், ஆயிரத்துச் சொச்சம் படத்தைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார், அவருடைய வீட்டம்மா இரண்டு தடவை டீ கொடுத்தார். மூன்றாவது டீ வருவதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

அதைத்தான் இந்தக் கடிதத்தோடு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன், மடங்காமல் பிரி. விழுந்து எழுந்திருக்கிற நேரம், உன் தலையில் அட்சதை அப்படியே இருக்கிறது, மாப்பிள்ளை உன் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார், இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அப்படி என்ன சிரிப்பு என்று பார்த்தால், கோபுரத்துக்காகப் பின்னால் போய்க்கொண்டே இருந்த நான் பூக்காரம்மா கூடையில் உட்கார்ந்துவிட்ட நேரம் அது. ஓரத்தில் என் முதுகும் ஒரு செருப்பும் தெரிந்தது. இவரை வெட்டிடவா சார், யாரோ பெரியவர்னு தங்கமணி கேட்டார், வெட்டிடுங்கன்னு சொல்லிவிட்டேன். கோபுரத்தில் அடி நிலை மட்டும்தான் விழுந்திருக்கிறது, கலசம் இல்லை, ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை.

மாப்பிள்ளை திரும்பி வந்து நீங்கள் எங்கேயாவது போனால் சில விஷயங்களைக் கவனித்துக்கொள், தங்கமணிக்கே நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன், அவர்தான் எனக்குச் சொன்னார். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட வேண்டும், இல்லை சாயங்காலம், நடு மத்தியானம் என்றால் மரத்தடியில் நில்லுங்கள். போனைப் பார்த்து விறைத்து நிற்காதீர்கள், உங்களுக்குள் ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள், எடுக்கிறவர் எடுத்துக்கொள்வார். ஆள் இல்லாத இடத்தில் தண்ணி பாட்டிலில் போனைச் சாய்த்து பத்து எண்ணுகிற டைமரைப் போட்டுவிட்டு ஓடிவந்து நில்லுங்கள். ஆள் இருக்கிற இடத்தில் குடும்பமாக வந்தவர்களாகப் பார்த்து முதலில் அவர்களை நீங்கள் எடுத்துக் கொடுங்கள், பிறகு எங்கே நின்று எப்படி எடுக்க வேண்டும் என்று ஒரு தடவை காட்டிவிட்டுக் கொடுங்கள். தயங்காமல் கொடுங்கள்.

ஊர் விஷயம், குறுவை அறுத்தாயிற்று, நெல்லை ரோட்டில் காயப் போட்டுத் தார்ப்பாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். சித்தி முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறாள், நீ அனுப்பின ஸ்வெட்டரைப் பீரோவில் வைத்துவிட்டு எல்லோரிடமும் திறந்து காட்டுகிறாள். இவ்வளவையும் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ சித்தப்பா என்று கூப்பிட்டவுடனே என் வாய் தானாக வேறு எதையாவது அளக்க ஆரம்பித்துவிடும்.

நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒன்றாக, நோய் நொடி இல்லாமல், சீக்கிரம் ஒரே வீட்டில் ஒரே விளக்கின் கீழ் இருக்க வேண்டும் என்று ஐயாறப்பனை வேண்டிக்கொள்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து வந்தால் சுடுதண்ணியில் காலை வைத்துக்கொள். மறக்காமல் இதை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு, கல்லணையில் அவர் சொன்னதுதான் சரி, நீ சொன்னது தப்பு. நாங்க ரெண்டு பேரும் காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டு வர்றோம்னு நீங்கள் சொன்னபோது படம் எடுக்க ஒரு ஆள் வேண்டாமான்னு நான் கேட்டேன், வழியில யாராவது எடுத்துக் கொடுப்பாங்க மாமான்னு அவர் சொன்னார், என்னை விட்டுவிட்டுப் போகப் போகிறீர்கள் என்று தெரிந்துபோனது. டாக்டரும் இல்லை, சிவப்புச் சட்டைக்காரனும் இல்லை, கல்லணையில் யாரும் யார் போனையும் எடுத்துக்கொண்டு ஓடவில்லை, உன்னிடம் நான் சொன்ன பொய் அது.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
காத்தான்