ரூம் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டேன்

என் கண்ணே சரோஜா,

உன் காலேஜில் நடந்த இரங்கல் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டேன். அம்மா விலாவில் குத்தி எழுப்பினாள். காமாலை உன்னைக் கொண்டுபோனதிலிருந்து எனக்குத் தூக்கமே கிடையாது. உங்கள் புரொபசர் உன் யூரியாப் படிகங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், நீ எனக்குப் பாடம் நடத்துவது மாதிரியே இருந்தது. அப்போதும் தூங்கித்தானே வழிவேன்?

எட்டாவதோடு நின்றவனுக்கு ஒரே ஒருநாள் விளங்கிற்று. வெள்ளை ஊசிகள் மாதிரி இருந்த படிகங்களை டம்ளர் தண்ணீரில் போட்டாய். அவை கரையக் கரைய மேலே எண்ணெய் மிதந்தது. மண்ணெண்ணெய் வாடை.

"காஞ்ச உப்புக்குள்ள எண்ணெய் எங்கம்மா இருந்துச்சு?"

"உள்ள நீளமா ரூம் இருக்குப்பா. அதுல தங்கியிருந்துச்சு."

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் லாட்ஜ் பார்த்துக்கொள்கிறவன் விடுவேனா? "அட, நம்ம லாட்ஜ்தான். ஆள் காலி பண்ணினா பெருக்கிட்டு அடுத்தவனுக்குக் கொடுத்துடலாம்."

நீ சிரித்தாய். "இல்லப்பா. இங்க ஆள் வந்தாத்தான் அவரைச் சுத்தி ரூமே உண்டாகும். போயிட்டா சுவரெல்லாம் சரிஞ்சுடும். காலி ரூம்னு ஒண்ணு நிக்கவே நிக்காது."

"அப்ப என் வேலை போச்சு" என்றேன்.

இப்போது ஸ்ரீரங்கத்து வீட்டில் உன் கட்டிலை யாரும் தொடுவதில்லை. அம்மா உலை வைத்துவிட்டு அரிசி போட மறக்கிறாள். நான் லாட்ஜில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ரூமுக்கு என்று தெரியாமல் நிற்கிறேன். இன்னும் எத்தனை வருஷம் இப்படி?

கூட்டம் முடிந்து திரும்பும்போது, பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அம்மா கேட்டாள்: "ஏங்க, நம்ம பொண்ணு அப்படி என்னதான் படிச்சுச்சு? எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க."

எண்ணெய், ரூம் எல்லாம் சொன்னேன்.

"எண்ணெய் போனப்புறம் அந்த ரூம்?"

"அப்படியே இருக்கும். நம்ம லாட்ஜ் மாதிரி."

வீட்டுக்கு வந்ததும் உன் கட்டில் விரிப்பை உதறிப் போட்டாள். பிறகு, பல நாளைக்கப்புறம், தானாகத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நீ சொல்லிக்கொடுத்ததில் விளங்கிய ஒன்றையும் தப்பாகச் சொல்லிவிட்டேன். கோபப்படாதே. இந்தக் கடிதம் உங்கள் காலேஜ் மலரில் வருமாம். அம்மா படிக்கமாட்டாள், கண்ணாடி போடுவதையே விட்டுவிட்டாள்.

அவள் இருக்கும்வரை அவள் கண்ணெதிரே நான் சரிய மாட்டேன், சத்தியமாக. ஆனால் அன்று பாலம் தாண்டும்வரை அவளிடம் சொல்லாமல் நான் விழுங்கிக்கொண்டே வந்தது இதுதான்: காலி ரூம் நிக்காதுடி.

உன் பாடத்தில் தூங்கிவிழும்,
அப்பா