கொடுத்த வஞ்சிரம்

கல்மண்டபம், இராயபுரம்
19-8-1973

அன்பு மகள் ரோசிக்கு,

அப்பா பாஸ்கல் எழுதுவது. மாதாவின் காவல் உன்னோடு இருக்கட்டும். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மதுரைப் பத்திரிகை ஆபீசில் ஒன்றரை வருஷமாகச் சமையல் குறிப்பும் கோலமும் தவிர எதையும் எழுத விடவில்லை, மனசு விட்டுப்போயிற்று, எதற்காக எழுதுவது என்றே தெரியவில்லை, நீங்கள் பார்த்த துறைமுக ஆபீஸ் மாப்பிள்ளை லியோனார்டுக்கே பேசி முடித்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஆறு வாரத்துக்கு முன்னால் இது வந்திருந்தால் தெரு முழுக்க லட்டு கொடுத்திருப்பேன். பத்திரிகைக்காரனை நான் மதித்ததே கிடையாது. இருபது வருஷமாக அவர்களுக்கு மீன் கொடுத்தவன் நான். படகு கவிழ்ந்தாலும், ஏலத்தில் அடிதடி ஆனாலும் நிருபர் சைக்கிளில் வந்து நிற்பார். நல்ல வஞ்சிரமாக ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி கேரியரில் கட்டிவிடுவேன். மறுநாள் பேப்பரில் ஒன்றும் இருக்காது. ஒரு மீனுக்கு வாய் மூடுகிற உத்தியோகத்துக்கா என் மகள் போக வேண்டும் என்றுதான் அன்றைக்கு உன்னிடம் கத்தினேன்.

ரோசி, நம் கொட்டகை அடைக்கலமேரி செத்துப்போய் ஒரு மாதம் ஆகிறது. தாயம்மாவும் போய்விட்டாள். உனக்கு எழுதக் கூடாது என்று உன் அம்மாவைத் தடுத்தது நான்.

நம் இறால் உரிக்கிற கொட்டகையின் வழக்கம் உனக்குத் தெரியும். காலையில் கூடை உள்ளே போனதும் கதவை வெளியே பூட்டிவிடுவோம். மத்தியானச் சோற்றுக்குத்தான் திறப்பது. மடியில் நாலு இறாலைச் சொருகிக்கொண்டு போகிறார்கள் என்று அந்தப் பூட்டைக் கொண்டுவந்தவனே நான்தான். என்னைப் பார்த்து மற்ற கொட்டகைக்காரர்களும் போட்டார்கள். போன மாதம் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, பக்கத்து ஐஸ் ஃபாக்டரியில் அம்மோனியா குழாய் வெடித்தது. சுவர் இடுக்கு வழியாகப் புகை கொட்டகைக்குள் வந்துவிட்டது. உள்ளே பதினாலு பெண்கள். நான் ஏலத்தில் நின்றுகொண்டிருந்தேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

வாட்ச்மேன் அப்பாவு கடப்பாரையால் கதவை உடைத்தான். பன்னிரண்டு பேர் வெளியே வந்தார்கள். சுவர் ஓரம் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் வரவில்லை.

சாயங்காலம் நிருபர் வந்தார். சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டார். அப்பாவுவிடம் என்று சொன்னேன். பதறிப்போய்ச் சொல்லிவிட்டேன் என்று உனக்கு எழுத மாட்டேன். கொட்டகைக்குச் சீல் வைத்துவிடுவார்கள் என்று நிதானமாக யோசித்துத்தான் சொன்னேன். மீனையும் கட்டிக் கொடுத்தேன். போலீசும் அதையே எழுதிக்கொண்டது. கதவை உடைத்துக் காப்பாற்றியவன் இன்றைக்கு ஜெயிலில் இருக்கிறான்.

திங்கட்கிழமை அந்தப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். வராமல் எங்கே போவார்கள்? தப்பி வந்த வரலட்சுமி ஒரு பேப்பரை நீட்டி, படிக்கச் சொன்னாள். அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது, உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் சனிக்கிழமை தோறும் கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து அவர்களுக்குப் பேப்பர் படிப்பாயே. "இன்னாமே ரோசி, ஊரு ஒலகமெல்லாம் வருது, நம்ம கொட்டா எப்பமே வரும்?" என்று அடைக்கலமேரி கேட்டதும், நான் எழுதுறேன் அக்கா என்று நீ சொன்னதும் என் காதில் விழுந்துதான் இருந்தது. இந்தப் பைத்தியம் உனக்கு அங்கேதான் பிடித்தது.

படித்தேன். நாலே வரி. இறால் கொட்டகையில் இரு பெண்கள் பலி, காவலாளியின் அலட்சியம். செத்தவர்கள் பேர்கூட இல்லை. சாவி யாரிடம் இருந்தது என்று தெரிந்த பன்னிரண்டு பேருக்கு அதை நான் வாய்விட்டுப் படித்தேன், ரோசி. ஒருத்தியும் நிமிரவில்லை. வரலட்சுமி மட்டும் உரித்துக்கொண்டே, "ஒருவழியா நம்ம கொட்டா பேப்பர்ல வந்துச்சு மொதலாளி. ஆனா அதுல கீறது நாங்க இல்ல" என்றாள்.

மறுநாளே நிருபரைத் தேடிப் போனேன். சாவி என்னிடம்தான் இருந்தது, மாற்றி எழுதுங்கள் என்றேன். சிரித்துவிட்டு, "இன்னா நைனா, குடுத்த மீனத் திருப்பிக் கேக்குறியா? உன் மீனத் துன்னுட்டு உன்னியே எழுதுவனா?" என்றார். ஸ்டேஷனுக்குப் போனேன். "கேஸு முடிஞ்சிகீது, பேஜாரு பண்ணாம வூட்டுக்குப் போ" என்று ரைட்டர் தோளைத் தட்டி அனுப்பினார். அவர் வீட்டுக்கும் ஈஸ்டருக்கு ஈஸ்டர் மீன் போகும். என் மீனுக்கு இத்தனை விசுவாசம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

உன் அம்மா வீட்டில் மீன் சமைப்பதை நிறுத்திவிட்டாள். சோறு போடுகிறாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

எதற்காக எழுதுவது என்று கேட்டாய். அதற்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இதோடு நாலு பக்கம் வைத்திருக்கிறேன். நடந்ததை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே பன்னிரண்டு பேரின் கைநாட்டு. பூட்டைக் கழற்றின பிறகுதான் வைப்போம் என்றார்கள். கழற்றிவிட்டேன். தினம் கொஞ்சம் இறால் குறைகிறது. குறையட்டும்.

இதை நீ எழுது. உங்கள் ஆசிரியர் போட மாட்டேன் என்றால் அடுத்த பத்திரிகைக்குப் போ. இந்த வேலைக்குப் போக வேண்டும் என்று இரண்டு நாள் பட்டினி கிடந்து என்னையே மசிய வைத்தவள் நீ. அச்சில் வந்துவிட்டால் அப்பாவுவின் வக்கீல் அதைக் கோர்ட்டில் வைப்பார். என்னைப் பிடிப்பார்கள், கொட்டகையை மூடுவார்கள். லியோனார்ட் வீட்டாரும் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். ஊர்ப் பெரியவர், பிரபல வியாபாரி என்றெல்லாம் சுற்றி வளைக்காதே. பாஸ்கல் என்று போடு. முதலில் அடைக்கலமேரி, தாயம்மா பேரைப் போடு, அப்புறம் என் பேர்.

பேப்பர் வந்ததும் ஒரு பிரதி அனுப்பு. என்னைக் கொண்டுபோவதற்குள் கொட்டகையில் அதை நானே படித்துக் காட்ட வேண்டும்.

என் கையால் மீன் வாங்கியவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அத்தனை பேரிலும் என் மீனை அதிகம் தின்றவள் நீதான், மகளே. அதை மறந்துவிடு. உன் கைக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. பாஸ்கல்