மூன்றாம் இலக்கப் படகின் மீதுள்ள படங்கை அகற்றக் கோரல்

அனுப்புநர்:
திருமதி சத்தியபாமா தியாகராஜா,
விஞ்ஞான ஆசிரியை,
படகுப் பயிற்சிப் பொறுப்பாளர் (சம்பளமற்ற தொண்டர்),
மலைநாட்டு இளையோர் கடற் பயிற்சிக் கழகம்,
இல. 41/3, மேட்டு ஒழுங்கை, கண்டி.

பெறுநர்:
சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சர் அவர்கள்,
கண்டி.

விடயம்: தெல்கஹதென்ன பொலிஸ் நிலைய முற்றத்தில் கடந்த பெப்ரவரி முதல் தடுத்து வைக்கப்பட்டுள்ள மரப்படகை விடுவித்தல், அது இயலாதவிடத்து, அதன்மேல் போர்த்தப்பட்டுள்ள தார்ப்பாய்ப் படங்கையேனும் அகற்றுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் இம்மாதந்தான் பதவியேற்றிருக்கிறீர்கள் என அறிகிறேன். ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இதே விடயமாகத் தங்களுக்கு முன்பிருந்தவருக்கு ஏப்ரலில் சிங்களத்திலும் மே மாதத்தில் ஆங்கிலத்திலும் எழுதினேன். இரண்டிற்கும் பதில் இல்லை. அவ்விரு மொழிகளிலும் எனக்கு மரியாதையாக மட்டுமே எழுத வரும். இம்முறை என் சொந்த மொழியில் எழுதுகிறேன். எங்கேனும் மரியாதை குறைந்து தெரிந்தால், ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி வாய் உளைந்துபோன ஒருத்தியின் களைப்பு என்று எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. எமது கழகம் கடற்படையும் அல்ல, கடற்படைக்கு ஆள் சேர்க்கும் இடமும் அல்ல. பாடசாலைப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வெள்ளைச் சட்டையும் நீலக் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்து நீந்தவும், துடுப்பு வலிக்கவும், முடிச்சுப் போடவும் பழகும் இடம். சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாதிப் பேர் கடலைக் கண்ணால் கண்டதில்லை. கடலில்லாத கண்டியில் கடற் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: மகாவலி இருக்கிறது, ஆண்டுதோறும் அதில் பிள்ளைகள் மூழ்கித் தாழ்ந்து போகிறார்கள், எங்களிடம் பழகிய பிள்ளை ஒன்றேனும் இதுவரை தாழவில்லை.

2. எம்மிடம் இருப்பது ஒரேயொரு படகு. மரப்பலகையில் செய்தது. உடைத்துப் பிரிக்கப்பட்ட பழைய சரக்குக் கப்பலொன்றிலிருந்து ஒரு நல்ல மனிதர் வாங்கி அன்பளிப்பாகத் தந்தது. கப்பலில் இருந்த காலத்தில் அதன் மூக்கில் 3 என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைகளிடம் பெயர் வைக்கச் சொன்னபோது ஆளுக்கொரு பெயர் சொல்லி ஒரு மாதம் சண்டை பிடித்தார்கள். கடைசியில் சலித்துப்போய், இருக்கிற இலக்கமே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். ஒவ்வோராண்டும் அந்த 3 இன் மேல் புதிதாக வெள்ளைப் பெயின்ற் அடிக்கச் சொன்னதும் நான்தான். இவ்வளவு பெரிய குற்றம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

3. ஜனவரியில் இங்கு கண்டியில் நடந்த குண்டுவெடிப்பின் பின்னர், எமது படகு நின்ற வாவிக்கரையில் எதையும் கட்டி வைக்கக்கூடாது, உடனே அகற்ற வேண்டும் என்று எமக்கு அறிவிக்கப்பட்டது. நியாயந்தான். நாங்கள் மறுபேச்சுப் பேசவில்லை. மரக்கறி லொறி வைத்திருக்கும் திரு. மஹ்ரூப் கூலி வாங்காமல் உதவ முன்வந்தார். ஆற்றோரத்தில் ஒரு கொட்டிலுக்குக் கொண்டுபோகப் படகை லொறியில் ஏற்றினோம். தெல்கஹதென்ன சோதனைச் சாவடியில் மறித்தார்கள். படகை ஏன் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார்கள். அகற்றச் சொன்னதால் கொண்டுபோகிறோம் என்றேன். அகற்றச் சொன்னால் வைத்திருந்த இடத்திலிருந்துதானே அகற்ற வேண்டும், வீதியில் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டார்கள்.

4. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் காரைநகர் என்று இருக்கிறது. அந்த வடபகுதி ஊர்ப் பெயரைப் பார்த்த பின் படகைப் பற்றிய கேள்விகள் நின்று என்னைப் பற்றிய கேள்விகள் தொடங்கின. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டியில் படிப்பிக்கிறேன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்த பிறகும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. அதற்கும் ஒரு மனு எழுதியிருந்தேன்; அதன் பதிலை நான் இங்கே கேட்கவில்லை. சோதனை செய்யட்டும், விசாரிக்கட்டும், அதில் எனக்கு மனக்குறை இல்லை. விசாரித்து முடித்த பிறகு, என் மீதோ மஹ்ரூப் மீதோ எந்தக் குற்றமும் இல்லை என்று எங்களையும் லொறியையும் அன்றே விட்டுவிட்டார்கள். படகை மட்டும் விடவில்லை.

5. காரணத்தை மறுநாள் அறிந்தேன். வேகமான சிங்களப் பேச்சு எனக்குப் பிடிபடாததால், நிலையத்தில் தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் திரு. பாயிஸ்தான் எனக்கு மொழிபெயர்த்தார். பொறுப்பதிகாரி கேட்டதாகச் சங்கடப்பட்டுக்கொண்டே அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "டீச்சர், கோவிக்க வாணாம். ஓ.ஐ.சி. மஹத்தயா செல்றாரு, மூணாம் நம்பர் இஞ்ச ஈக்கி. ஒண்டும் ரெண்டும் எங்க ஈக்கி எண்டு கேக்குறாரு."

ஒன்றாம் இலக்கப் படகும் இரண்டாம் இலக்கப் படகும் எங்கே ஒளித்து வைக்கப்பட்டுள்ளன என்பதுதான், ஐயா, நான்கு மாதங்களாகத் தெல்கஹதென்ன பொலிசார் நடத்திவரும் விசாரணை. அவை கப்பலோடு போய்விட்டன என்றேன். கப்பல் எங்கே என்றார்கள். உடைத்துவிட்டார்கள் என்றேன். உடைத்தது நாங்களா என்றார்கள். எமது பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே உடைந்துவிட்டது என்றேன். அப்படியானால் கப்பலிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். இல்லாத கப்பலிடம் நான் எந்த விலாசத்திற்கு எழுதுவது? எங்கள் வீட்டுக் கிணற்றையும் பாடசாலை ஆய்வுகூடத்தையும்கூட வந்து பார்த்தார்கள். ஆய்வுகூடத்தின் அலுமாரிக்குள் ஒரு படகு கொள்ளுமா என்பதை அளந்து பார்க்க அவர்களுக்கு நானே அடிமட்டம் எடுத்துக் கொடுத்தேன்.

6. இதெல்லாம் போகட்டும். இனிச் சொல்வதைத் தயவுசெய்து நின்று வாசிக்கவும். மரப்படகு தண்ணீரில் இருக்க வேண்டியது. பலகைகள் ஊறி உப்பினால்தான் பொருத்துகள் அடைபடும். வெயிலில் போட்டால் பலகை சுருங்கும், பொருத்து விரியும், பிறகு வெடிக்கும். பெப்ரவரியும் மார்ச்சும் கண்டியில் எப்படிக் காய்ந்தன என்று தாங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் படகு நிலைய முற்றத்தில், பிடிபட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, நல்ல உச்சி வெயிலில் கிடந்தது. மதிலுக்கு வெளியே நின்று பார்த்தாலே பலகைகளின் ஊடாக மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. படகை விடாவிட்டாலும் பரவாயில்லை, தினமும் சில வாளி தண்ணீரை அதற்குள் ஊற்ற அனுமதியுங்கள் என்று கேட்டேன். பொறுப்பதிகாரி பதிவேட்டைத் திறந்தார். படகுக்குள் வரும் தண்ணீரை வெளியே இறைப்பதுதான் உலக வழக்கம், உள்ளே ஊற்றக் கேட்கும் முதல் ஆள் நான்தானாம். அந்த வேண்டுகோளும் சந்தேகத்திற்குரியது என்று பதியப்பட்டது.

7. இவ்விடத்தில் சிவமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பாப்பம்மா என்பவரின் மகள். வயது பதினேழு. எங்கள் படகைச் சுக்கான் பிடித்து ஓட்ட அவளைப் போல் இன்னொருவர் இல்லை. ஜூலை மாதக் கடைசிச் சனிக்கிழமை கொழும்பிலிருந்து பரீட்சகர்கள் வருகிறார்கள். அந்தச் சுக்கான் பரீட்சையில் அவள் தேறினால், தென்கரையில் உள்ள எமது தலைமைக் கழகத்தின் பயிற்சி நிலையத்தில் உதவிப் பயிற்றுநராக எடுத்துக்கொள்வார்கள். தங்குமிடமும் உண்டு, படிப்பையும் தொடரலாம். விதிகள் இரண்டு: பரீட்சார்த்தி தம் பிரிவின் சொந்தப் படகிலேயே பரீட்சைக்குத் தோற்ற வேண்டும், பதினெட்டு வயது நிறைந்திருக்கக் கூடாது. அவளுக்கு ஓகஸ்டில் பதினெட்டு நிறைகிறது. அடுத்த ஆண்டு என்று ஒன்று அவளுக்கு இல்லை. படகில்லாவிட்டால் அவளும் தாயோடு கொழுந்து பறிக்க மலையில் ஏற வேண்டியதுதான்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், எனக்குச் சொல்லாமல், அவள் ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நிலைய வாசலுக்குப் போய்விட்டாள். சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். வாளியோடு பிடித்து உட்கார வைத்தார்கள். தண்ணீரை முகர்ந்து பார்த்தார்கள். தோட்ட அலுவலகத்தின் கடிதத்தோடு தாய் வந்து சேரும்வரை விடவில்லை. நான் போனபோது அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. "டீச்சர், பலகை பொளந்துகிட்டு இருக்குங்க. ஒரு வாளியாச்சும் ஊத்த விடச் சொல்லுங்க" என்று அப்போதும் அதையேதான் சொன்னாள். பாப்பம்மா என்னிடம் கேட்டார்: "தண்ணியில போற சாமானுக்குத் தண்ணி ஊத்த பொலிஸ்ல பர்மிட் வாங்கணுமா, என்னாங்க டீச்சர் இது?" படித்தவள் என்று என்னிடம் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வாளியை அன்று திருப்பித் தரவில்லை. அது இப்போதும் நிலையத்தில்தான் இருக்கிறது.

8. மே மாதத்தில் மழை பிடித்தது. நாங்கள் கெஞ்சியும் கிடைக்காத தண்ணீர் வானத்திலிருந்து தானாகவே படகுக்குள் விழுந்தது. முதலில் விழுந்ததெல்லாம் பொருத்துகளால் ஓடிப்போயிற்று. நான் பாடசாலைக்குப் போகும் பஸ் அந்த மதிலோரமாகத்தான் போகும். தினமும் எழுந்து நின்று எட்டிப் பார்ப்பேன். மாதக் கடைசியில் ஒரு காலை, படகின் அடியில் தண்ணீர் நின்றது. ஓடிப்போகவில்லை, நின்றது. பலகைகள் மீண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். பஸ்ஸுக்குள் நான் வாய்விட்டுச் சிரித்ததை மாணவிகள் பார்த்து, டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கதை பரப்பினார்கள். சந்தோஷம் ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை.

9. இனி நான் சொல்லப்போவது முறைப்பாடு அல்ல. பொறுப்பதிகாரி கெட்ட மனிதர் அல்லர். போகும்போதெல்லாம் உட்காரக் கதிரை தருவார், குடிக்கப் பிளேன்ரீ தருவார். நான் அலைந்த அலைச்சலைப் பார்த்து அவர் மனம் இரங்கிவிட்டார். இந்த ஆசிரியை இவ்வளவு பாசம் வைத்திருக்கும் படகு மழையில் நனைந்து பழுதாகிறதே என்று எண்ணி, ஜூன் முதற்கிழமையில் நான்கு பொலிஸ்காரரை ஏவி, உள்ளே நின்ற தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, துணியால் துடைத்து, பச்சை நிறத்தில் ஒரு பெரிய படங்கைப் போர்த்தி, நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டுவித்துவிட்டார். ஒரு சொட்டு உள்ளே போகாது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் நன்றி சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றார்.

தயவுசெய்து படங்கை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. தாம் பாதுகாத்தாலும் குறை, பாதுகாக்காவிட்டாலும் குறை என்று சொன்னதாகத் திரு. பாயிஸ் மொழிபெயர்த்தார். மேலும், படங்கு போர்த்தியது கைப்பற்றிய பொருளின் பாதுகாப்பு நடவடிக்கையாகப் பதியப்பட்டுவிட்டதால், மேலிடத்து எழுத்து உத்தரவு இன்றி இனி அதை அவிழ்க்க முடியாதாம். வெளியே வந்த பின் திரு. பாயிஸ் மெதுவாக, "மேல எழுதுங்க டீச்சர், எங்கட கையில ஒண்டுமில்ல" என்றார். அதனால்தான் இந்த மூன்றாவது மனு.

10. இப்போது வெளியே மழை கொட்டுகிறது, படகு உள்ளே காய்கிறது. வெயில் அடிக்கும் நாட்களில் படங்கின் கீழே சூளை போலப் புழுங்கும். மார்ச் மாதத்தைவிட மோசம். இன்னும் இரண்டு மூன்று கிழமை இப்படியே கிடந்தால் பலகைகள் திரும்பச் சேரா. பிறகு தாங்கள் விடுவித்தாலும் விறகுக்குத்தான் ஆகும்.

ஆகவே ஐயா, என் வேண்டுகோள்:

படகை ஜூலைப் பரீட்சைக்கு முன் விடுவித்துத் தாருங்கள். ஒன்றையும் இரண்டையும் கண்டுபிடிக்கும்வரை மூன்றை விட முடியாதென்றால், பரீட்சை நாளன்று மட்டும் பொலிஸ் காவலோடு ஆற்றுக்குத் தாருங்கள். காவலுக்கு வருபவர் எங்களோடு படகிலேயே ஏறிக்கொள்ளலாம், நீந்தத் தெரியாதவராயினும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். அதற்கும் இன்னும் விசாரணை வேண்டுமென்றால், விசாரணை நடக்கட்டும். ஆனால் இன்றைக்கே அந்தப் படங்கை அவிழ்க்க ஒரு வரி எழுதித் தாருங்கள். பெப்ரவரியில் நான் படகைக் கேட்டேன். மார்ச்சில் தண்ணீரைக் கேட்டேன். இப்போது, மேலே மூடியிருப்பதை எடுங்கள் என்பதை மட்டுமே கேட்கிறேன். இதைவிடக் குறைத்துக் கேட்க எனக்கு வழி தெரியவில்லை. மழை தினமும் அந்த நிலையத்து வாசலைத் தாண்டி உள்ளே வருகிறது. அதை மறித்து அடையாள அட்டை கேட்பவர் இல்லை. அதனிடம் படகை விட்டுவிடுங்கள்.

படங்கைக் கட்டியிருக்கும் முடிச்சுகளை மதிலுக்கு மேலால் பார்த்தேன். அவை நனைந்தால் இறுகும் வகை; பொலிஸ்காரர்களால் இனி அவிழ்க்க முடியாது, வெட்டினால் கயிறும் வீண். தாங்கள் உத்தரவிட்டால் சிவமணி வந்து நான்கையும் அவிழ்த்துக் கொடுப்பாள். வெறுங்கையோடுதான் வருவாள். வாளி கொண்டுவர மாட்டாள் என்பதற்கு நான் பொறுப்பு.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
சத்தியபாமா தியாகராஜா

இடம்: கண்டி
திகதி: 1998 ஜூன் 22