கில்ற்றுக்கு ஏற்ற சப்பாத்து

மோர்னிங்சைட்,
ஞாயிறு காலை

அன்பு மகள் கஜனிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், பனியும் ஒருவழியாகக் கரைந்துவிட்டது. இன்வர்னஸில் நீயும் எட்வேட்டும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறார். தொலைபேசியில் பேசினால் நீயும் நானும் மூன்றாவது வசனத்திலேயே சண்டைக்குப் போய்விடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதையும் வாசி. ஆனியில் இங்கே கோயிலில் தாலி கட்டும்போது எட்வேட் பக்கத்து ஆண்கள் வேட்டி கட்டுவார்கள், அதுபோல ஆவணியில் அங்கே தேவாலயத்தில் என்னைக் கைபிடித்துக் கூட்டிவரும்போது நீங்கள் அவர்கள் ஊர் ஆண்கள் உடுக்கும் கில்ற் கட்டவேண்டும் அப்பா என்று கேட்டாய். நான் ஏலாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எட்வேட்டை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து நீ அழுததாக அம்மா சொன்னார். அவனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் இடது காலில்.

சலரோகம், இந்தச் சீனி வருத்தம், காலுக்கு இறங்கிவிட்டது. நீ அங்கே போன பிறகுதான் முற்றியது, அம்மாவையும் சொல்ல விடவில்லை. பாதம் அகன்று, பெருவிரல் மற்ற விரல்களின்மேல் சாய்ந்துவிட்டது. வைத்தியர் எழுதித் தந்த கறுப்புச் சப்பாத்தைத்தான் போடுகிறேன், ஒட்டும் பட்டியோடு, பாண் பெட்டி போல இருக்கும். உன் நிசாந்தன் மாமா தன் மகனின் கலியாணத்தில் படம் எடுக்கும்போது, அத்தான், நீங்கள் பின்னுக்கு நில்லுங்கோ, உந்தச் சப்பாத்து விழுந்தால் ஆஸ்பத்திரிப் படம் மாதிரிப் போயிடும் என்று சபைக்கு நடுவே சொன்னான். சிரித்த முகங்கள் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம், அதில் அவன் மனைவியான என் கூடப்பிறந்த தங்கையும் ஒருத்தி. அவர்கள் வீட்டுப் படியை அதன்பிறகு நான் மிதிக்கவில்லை, மிதிக்கப்போவதும் இல்லை. நீளக் காற்சட்டை மறைப்பதைக் கில்ற் மறைக்காது, அது முழங்காலோடு நின்றுவிடும். பட்டபாடு போதும் என்றுதான் ஏலாது என்றேன்.

அம்மா எனக்குத் தெரியாமல் எட்வேட்டின் பெரியப்பா றொனால்ட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை காலை மனிதர் ஒஷாவாவில் இருந்து காரோடு வந்து வாசலில் நிற்கிறார். அவரில் எனக்கு ஒரு கோபம் இருந்தது உனக்குத் தெரியாது. உங்கள் நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்கு வந்தபோது எல்லோரும் சப்பாத்தைக் கதவடியில் கழற்ற, அவர் மட்டும் போட்ட சப்பாத்தோடு சாமியறையைத் தாண்டி நடந்துபோய் மேசையில் இருந்தார். பிறகு அவர் எடுத்த போன் ஒன்றையும் நான் எடுக்கவில்லை. ஆனாலும் வாசலில் வந்து நிற்கிறவரை என்ன செய்வது, போனேன். அந்த உடுப்பு வாடகைக்குக் கொடுக்கும் கடையில் கில்ற்றைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். மகள், நான் அதை ஒரு பாவாடை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். முன்னால் தட்டையாக இருக்கிறது, பின்னால் முழுவதும் கொய்யகம், ஒரு கூறைச்சேலையின் துணி அதற்குள் போயிருக்கிறது. அத்தனை மடிப்பு மடித்த பிறகும் கட்டங்களின் கோடு ஒன்றும் முறியவில்லை, மடிப்புக்கு மடிப்பு கோடு கோட்டோடு வந்து சேருகிறது. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவன் நான், கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழுத்து நோகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு சப்பாத்து. அதற்கென்று ஒன்று வைத்திருக்கிறார்கள், நாக்கு இல்லாதது, நீளமான கயிற்றைக் கணுக்காலுக்கு மேலே சுற்றிக் கட்டவேண்டும். நல்ல காரியத்துக்கு வலது காலைத்தானே முதலில் வைக்கவேண்டும், வலது காலில் போட்டேன், அளவாக இருந்தது, சரி என்று சொல்லிவிட்டேன். இடதைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. அந்தக் காலை அந்நியர் முன்னால் காட்ட எனக்கு மனமில்லை என்பதும் உண்மை. வீட்டில் இடதைப் போட்டால் பாதி வழியில் நிற்கிறது. காலைத் தள்ளி நுழைத்துக்கொண்டு குசினிவரை நடந்து பார்த்தேன், ஒரு நோவும் இல்லை, பரவாயில்லை என்று நினைத்தேன். வலது காலை வைச்சுப் போனனீங்கள், இடது காலை ஆர் வைச்சது என்று அம்மா நக்கலடித்தார், அடுத்த நிமிடம் என் காலுறையைப் பார்த்துவிட்டுக் குனிந்து தொட்டார். துணி சிவந்திருந்தது. இரத்தம் வந்தது எனக்கே தெரியவில்லை. இப்படி ஒரு புண் பழுத்தால் பாதத்தை எடுக்க வேண்டிவரும், உங்களுக்குச் சப்பாத்து முக்கியமா கால் முக்கியமா என்று பாத வைத்தியர் கேட்டார்.

புண் ஆறும் மட்டும் வெளியே போகவில்லை. றொனால்ட் பார்க்க வந்தார். அம்மா நடந்ததைச் சொன்னார். மனிதர் கதிரையில் இருந்துகொண்டு தன் வலது சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே ஒரு அச்சு வார்த்த தாங்கி, அதற்குள் பாதி பாதம்தான் இருந்தது. இளவயதில் வேலைத்தலத்தில் இரும்பு விழுந்ததாம். இது இல்லாமல் என்னால் எழும்பி நிற்க ஏலாது, அன்றைக்கு உங்கள் வாசலில் எல்லோரும் கழற்றுவதைப் பார்த்தேன், சொல்ல வெட்கமாக இருந்தது என்றார். அதற்காக நான் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா தேத்தண்ணி போடப் போன நேரத்தில் நானும் என் காலில் போட்டிருந்த கட்டை அவிழ்த்து அவருக்குக் காட்டினேன்.

போன ஞாயிறு ஒஷாவாவில் அவர்களுடைய பைப் வாத்தியக் குழு முழு உடுப்போடு பழகியதைப் பார்க்கக் கூட்டிப்போனார். புல்வெளியின் ஓரத்தில் எனக்கு ஒரு கதிரை. குழுவுக்கு முன்னால் வெள்ளிப்பூண் போட்ட தடியோடு நின்றவர் றொனால்ட். தடி உயர்ந்தது, அத்தனை வாத்தியமும் ஒரே மூச்சில் பிடித்தது, என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் ஓடித் திரிந்த நாய்கூட நின்றுவிட்டது. பாதி பாதத்தோடு அந்த மனிதர் நடந்த நடையை உனக்கு எப்படிச் சொல்வது. அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை, இடுப்புக்குப் பின்னால் கொய்யகம் முழுவதும் ஒன்றாக ஆடி ஒன்றாக அடங்கியது. கறுப்புத் தோலில் அகலமான வைத்தியச் சப்பாத்து, கயிறு இல்லை, ஒட்டும் பட்டிதான், மினுக்கி வைத்திருந்தார். தடித்த கம்பளிக் காலுறை முழங்கால்வரை ஏறியிருந்தது. சப்பாத்தை ஒருவரும் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். நான் பார்த்தேன், அதைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. அவர் என்னைத் தாண்டிப் போகும்போது நான் எழும்பி நின்றிருக்கிறேன், எப்போது எழும்பினேன் என்று தெரியாது. ஐம்பத்தெட்டு வயதுவரை என்னை அப்படி எழுப்பியவர்கள் மிகக் குறைவு.

ஆகவே கில்ற் கட்டுகிறேன். கயிற்றுச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வைத்தியரிடம் கம்பளிக் காலுறையைக் கொண்டுபோய் அதைப் போட்டபடி, கால் வீங்கியிருக்கும் பின்னேரத்தில், றொனால்ட்டுடையது போல ஒரு சோடிக்கு இரண்டு காலுக்கும் அளவு கொடுத்தாயிற்று. இடதைத்தான் முதலில் அளக்கச் சொன்னேன். இன்னொன்று, கோயிலுக்கென்று வெளியே மிதிக்காத புதுச் சோடி ஒன்று றொனால்ட் வாங்குகிறார், அதோடு உள்ளே வர விடவேண்டும் என்று ஐயரிடம் நான் கேட்கப் போகிறேன். அவர் ஏலாது என்றால் நான் இலேசில் விடமாட்டேன். நீயும் எட்வேட்டும் அந்தக் குளிரில் ஈரச் சப்பாத்தோடு திரியாதீர்கள், இரவில் காலைத் துடைத்துவிட்டுப் படுங்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்தத் தேவாலயத்தின் தரை பழைய கல் என்று நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன். இடது காலுக்குக் கீழே இருப்பது கல்லா, கம்பளமா, படியா என்று மரத்துப்போன அந்தப் பாதத்துக்குத் தெரியாது. இதை அம்மாவிடமும் சொன்னதில்லை, குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் நடக்கிறேன். அன்றைக்குக் குனிய எனக்கு விருப்பமில்லை. அவர்கள் வழக்கம் எதுவாக இருந்தாலும் நீ என் இடப்பக்கத்தில் வா, படி வரும்போது என் கையை ஒருதரம் அழுத்து, நான் நேரே பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

தீர்க்காயுளோடும் சீரோடும் இரு, மகள். இரண்டு பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

அன்புள்ள அப்பா,
சிவபாதம் மகேஸ்வரன்