லொறியில் வழி பார்க்கிறவன்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

இன்றைக்கு லொறி ஓடவில்லை.

யார்டிலிருந்து நேரத்தோடு வந்து, குளித்து, பிளேன்டீயும் ஊற்றிக்கொண்டு ஹெட்செட்டை மாட்டினால், திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. எங்கள் லொறி விளையாட்டின் புதிய பதிப்பு வந்துவிட்டதாம். பனி ரோட்டெல்லாம் சேர்த்திருக்கிறார்களாம். உங்கள் கம்ப்யூட்டர் அதைத் தாங்காதாம். அங்கே மெல்பேர்னில் என் மனைவி ரொஷேல் தன் திரையில் லொறியை ஸ்டார்ட் செய்துவிட்டு எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசியில் போனில்தான் கதைத்தோம்.

"சாப்பிட்டீங்களா?"

"ஓம். நீ?"

"ஓம்."

பிறகு என்ன? வீடியோவில் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மூலையில் தெரிந்த என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடி நன்றாகக் கொட்டிவிட்டது.

நாள் முழுக்க கொண்டெய்னர் லொறிகளோடு மாரடிக்கிறவன் வீட்டுக்கு வந்தும் லொறியிலா ஏறுவான் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். லொறியில் அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் இருந்து மேப் பார்த்து வழி சொல்லுவேன். கொட்டாஞ்சேனையில் இந்த அறையில் ஒரே மெசினுக்கு முன்னால் இருந்து ஓடின காலத்திலிருந்தே அப்படித்தான். இப்போது அவளிடம் அங்கே ஒரு லப்டொப் இருக்கிறது. ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். கனதூரம் ஒன்றும் பேசாமல் போவோம். திடீரென்று, "பிறெடி, இண்டைக்கு ஹோம்ல ஒரு கிழவர் என்ர கையப் பிடிச்சிட்டு விடமாட்டன் எண்டிட்டார்" என்பாள். முதியோர் இல்லத்தில்தான் அவளுக்கு வேலை. போனில் இதெல்லாம் வராது. போனில் சோறுதான் வரும்.

சொல்லப்போனால் அந்த ஒரு மணித்தியாலம்தான் எங்களுக்கு மிஞ்சியிருக்கிற கலியாணம். எழுதிவிட்டேன். வாசிக்க நன்றாக இல்லை.

ஓகஸ்ட் 13, புதன்

மெசினின் பக்கத் தகரத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு தலையணைக்குப் போதுமான தூசு. மதர்போர்ட் நாங்கள் கலியாணம் முடித்த வருடம் வாங்கினது, கடையில் இருந்ததிலேயே மலிவு. "இதுவே போதும், நாங்க என்ன ரொக்கெட்டா விடப்போறம்" என்று சொன்னது ரொஷேல்தான். ரேம் குத்த இரண்டே இரண்டு இடம். அதிலும் ஒன்று ஆடுகிறது.

ஓகஸ்ட் 16, சனி

மாளிகாவத்தையில் ஸைத்தின் கடைக்குப் போனேன். யார்டில் எங்கள் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கிறவன், நல்ல பொடியன், வாய்தான் கூட. மெசினின் போட்டோவைப் பார்த்துச் சிரித்தான்.

"பிறெடி அண்ணன், இது மெசினா, மியூசியமா?"

போர்டை மாற்றத் தேவையில்லையாம். கிராபிக்ஸ் கார்டும் ரேமும் புதிதாகப் போட்டு, இதே போர்டில் உட்காரக்கூடிய பெரிய ப்ரொசெஸர் ஒன்றை மாட்டினால் பனி ரோட்டில் பறக்கலாமாம். கார்டையும் ரேமையும் கையோடு தந்தான். ப்ரொசெஸர் மட்டும் அவனிடம் இல்லை.

"வார கிழமை வந்திரும். மெசினயும் கொண்டாங்க, நானே போட்டுத் தாரன். நீங்க ஒண்டும் செய்யப் போகாதீங்க."

வருகிற கிழமையாம். அவனுக்கென்ன.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்த ஆத்திரக்காரன் நான்தான்.

விளம்பரம் ஒன்று பார்த்தேன். ஹெந்தளையில் செபஸ்தியன் என்று ஒருவர், ஸைத் சொன்ன அதே ப்ரொசெஸர். "உங்கட பழையதையும் கையோட கொண்டாங்க, கழிச்சுத் தாறன். வைஃபின்ர மெசினுக்கு அப்பிடி ஒண்டு தேவை" என்று போனில் சொன்னார். இதைவிட வேறென்ன வேண்டும்? பழையதைக் கழற்றி, ஊசிகள் வளையாமல் சவர்க்காரப் பெட்டியில் பஞ்சு வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கேட்டடியிலேயே மாற்றிக்கொண்டு வந்தேன். வந்த வீச்சிலேயே புதிதை மாட்டினேன்.

ஃபேன் சுத்துது. லைட் பத்துது. திரையில ஒண்டும் இல்ல. கறுப்பு. திரும்பக் கழட்டினன், திரும்ப மாட்டினன். கறுப்புத்தான். நான் என்ன செய்துபோட்டன்? இவ்வளவு நாளும் ஓடின மெசின்தானே இது?

ஓகஸ்ட் 18, திங்கள்

வேலை முடிந்து நேரே ஸைத்திடம். முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"இந்தப் போர்ட் பழசு. அது செய்யக்குள்ள இந்த ப்ரொசெஸர் பொறக்கவே இல்ல. போர்டுக்கு இது ஆரு எண்டே தெரியாது. பழைய ப்ரொசெஸர்ல ஓடக்குள்ளயே போர்டுக்குள்ள இருக்கிற பயோஸ் ப்ரோக்ராம அப்டேட் பண்ணிட்டு, அதுக்குப் பொறகுதான் புதுச மாட்டணும். எங்க அந்தப் பழையது?"

"குடுத்திட்டன்."

"குடுத்திட்டீங்களா! ஆக்கள் புதுச ஓடவெச்சுப் பாத்திட்டுத்தான் பழசக் குடுக்கிற."

அவனிடமும் அப்படிப் பழையது ஒன்று இல்லை. செபஸ்தியனுக்குப் போன் எடுத்தேன். அது இப்போது அவருடைய மனைவியின் மெசினுக்குள் இருக்கிறதாம். இந்தச் சனி அவர்கள் ஊரில் இல்லை, அடுத்த சனி மெசினோடு வரச் சொன்னார். நல்ல மனிதர். நான் இருந்த நிலைக்கு அவர் திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஓகஸ்ட் 20, புதன்

ரொஷேலுக்கு எல்லாம் சொன்னேன். சிரித்தாள். "மெதுவாச் செய்யுங்க பிறெடி, அவசரமில்லத்தானே" என்றாள்.

எனக்கு அவசரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, "நீ தனிய ஓடுறியா?" என்று கேட்டேன். "எனக்கு எங்க நேரம்" என்றாள்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

அவளுக்கு இரட்டை ஷிப்டாம். கதைக்கவில்லை.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது கீழ் வீட்டுச் சீனியம்மா பிடித்துக்கொண்டா. வீட்டுச் சொந்தக்காரி. மாடியில் சத்தம் கேட்காவிட்டால் அவவுக்கு நித்திரை வராது.

"என்ன தம்பி, பின்னேரத்தில உங்கட சிரிப்புச் சத்தத்தையே காணேல்ல? வைஃப் இஞ்ச வாறதா, நீங்க அங்க போறதா?"

"நான் போறதுதான் அன்ரி. அவவின்ர கோர்ஸ் முடியட்டும் எண்டு இருக்கிறம்."

"அது போன வருசமே முடிஞ்சுதெண்டு சொன்னீங்கள்?"

சொல்லியிருக்கிறேன்தான். கோர்ஸ் முடிந்தது, வேலை கிடைத்தது, பிறகு வேறு வீடு மாறியாகட்டும் என்றாள். வீடும் மாறியாயிற்று. திகதி மட்டும் யாரும் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

ஓகஸ்ட் 30, சனி

மெசினைப் பெற்சீற்றில் சுற்றி, த்ரீவீலில் வைத்துக்கொண்டு ஹெந்தளைக்குப் போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் டிரைவர், "மோகத மாத்தயா, லெடெக்த?" என்று சிங்களத்தில் கேட்டான். நோயாளியா என்று. ஓம் என்றேன்.

செபஸ்தியன் தன் மனைவியின் மெசினைச் சாப்பாட்டு மேசையில் படுக்கவைத்துத் திறந்தார். அருள்நாயகி என்பது அவவின் பெயர். டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவர் எந்த ஆணிக்குப் போகிறாரோ அந்த இடத்துக்கு வெளிச்சம் அவருக்கு முதலே போய் நின்றது. அவர் ஒருமுறைகூட "இஞ்சால" என்று கேட்கவில்லை. அவருடைய கையைப் பார்க்காமல் நான் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய ப்ரொசெஸர் என் போர்டில் ஏறினது. திரை வந்தது. அப்டேட் தொடங்கினதும் செபஸ்தியன் சொன்னார்: "இனிக் கரண்ட் மட்டும் போகக்கூடாது. இடையில நிண்டுதோ, போர்ட் செத்த மாதிரித்தான்." அருள்நாயகி உடனே போய் பிரிட்ஜை நிறுத்திவிட்டு வந்து அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தா. அந்தோனியார் காணாமற்போன சாமான்களுக்குத்தானே என்று செபஸ்தியன் கிண்டல் பண்ணினார். "அவர் எல்லாத்துக்கும்தான், நீர் உம்மட வேலையப் பாரும்."

திரையில் ஊர்ந்துகொண்டிருந்த அப்டேட் கோடு முடிவுக்கு வந்தது. புதிதை மாட்டினோம். படம் வந்தது! மூன்று பேரும் கை தட்டினோம். விடாமல் மீன்கறியும் சோறும் தந்தார்கள். நான் வாயை மூடாமல் கதைத்திருக்கிறேன் போல. வெளியே வந்த பிறகுதான் விளங்கினது, ஒரு மாதத்தில் கதைத்ததை அந்த மேசையில் கதைத்துவிட்டேன் என்று.

ரொஷேலுக்கு மெசேஜ் போட்டேன்: நாளைக்கு லொறி ரெடி.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

ஓடினோம்.

மெசினுக்கு ஒரு குறையும் இல்லை. பனி விழுகிறது, வைப்பர் அடிக்கிறது, ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. "ஐயோ வடிவா இருக்குது" என்று நான்தான் கத்தினேன். அவள் சிரித்தாள்.

மேப்பைத் திறந்து, "அடுத்த சந்தியில இடது" என்றேன். சொல்லி முடிக்க முதலே அவள் இடது சிக்னலைப் போட்டுவிட்டாள். சரி, எதேச்சையாக இருக்கும். அடுத்த சந்தியிலும் அப்படியே. பெற்றோல் ஷெட் தாண்டினதும் அவள், "வலது பக்கம் சின்ன ரோட் ஒண்டு இருக்கு, அதால போனா பாலத்தச் சுத்தத் தேவையில்ல" என்று திருப்பினாள். என்னுடைய மேப்பில் அந்த ரோட்டே இல்லை; ஒருமுறை ஓடினால்தான் அப்படியான சின்ன ரோட்டுகள் மேப்பில் விழும்.

"இது உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் வைப்பரை இன்னும் வேகமாகப் போட்டாள்.

"ஓடினனான்."

"தனியவா?"

"இல்ல. ஹோம்ல வேலை செய்யிற ராகுலன் எண்டு ஒருத்தர். வெள்ளவத்தை ஆள்தான். அவர் பக்கத்தில இருந்து வழி பாத்தவர். சும்மா விளையாட்டுத்தானே பிறெடி."

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதற்கு முதலே அந்தக் கடைசி வசனம் வந்துவிட்டது.

பிறகு அவளே பேச்சை மாற்றினாள். "அந்தக் கிழவரின்ர ரூமுக்கு வேற ஆள் வந்திட்டார். அவர் செத்தது உங்களிட்ட சொன்னனான்தானே?"

"ஓம்" என்றேன்.

சொல்லவில்லை. என்னிடம் சொல்லவில்லை.

செப்டெம்பர் 1, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

செப்டெம்பர் 3, புதன்

சும்மா விளையாட்டுத்தான். ஓம். அவள் என்ன பிழை செய்தவள்? ஒண்டும் இல்ல. அந்த ராகுலன் என்ன செய்தவர்? மேப் பாத்தவர். ஒருத்தரிலயும் கோவிக்க ஏலாமக் கிடக்கு. நான் இஞ்ச ஒரு ப்ரொசெஸரச் சவர்க்காரப் பெட்டியில காவிக்கொண்டு திரியேக்க, அவள் அங்க வேற ஆளுக்கு அந்தக் கிழவர் செத்தத ரோட்டப் பாத்துக்கொண்டே சொல்லி அழுதிருப்பாள். அதுதான். வேற ஒண்டும் இல்ல. அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு.

செப்டெம்பர் 7, ஞாயிறு

மறுபடி ஓடினோம். இன்றைக்கு அவள் ஒவ்வொரு சந்தியிலும் லொறியை நிறுத்தினாள்.

"இப்ப எந்தப் பக்கம் பிறெடி?"

அவளுக்குத் தெரியும். எனக்காகத் தெரியாத மாதிரி இருக்கிறாள். பின்னால் வந்த வாகனமெல்லாம் ஹோர்ன் அடிக்க அடிக்க, நான் சொல்லும் வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தாள். ஹோமில் கிழவர்களுக்குச் சோறு ஊட்டும்போதும் இப்படித்தான் இருப்பாள். பாலத்துக்கு முன்னால் அந்தக் குறுக்கு ரோட் வந்தது. நான் "நேர" என்றேன். நேரே போனாள். சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க இருவரும் மிகவும் மரியாதையாகக் கதைத்தோம்.

செப்டெம்பர் 10, புதன்

இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று போன் எடுத்தேன். எப்ப நான் வாறது என்று. சாப்பிட்டியா என்று கேட்டேன். ஓம் என்றாள்.

செப்டெம்பர் 13, சனி

மத்தியானம் ரொஷேலின் மெசேஜ்: "நாளைக்கு ஓடுவமா?"

மெசின் முன்னால்தான் இருந்தேன். உள்ளே ஃபேன் சுத்துகிற சத்தம்கூட இல்லை, அவ்வளவு நன்றாக ஓடுகிறது.

"கம்ப்யூட்டர் திரும்பப் பழுதாப் போச்சு. இந்த முறை போர்டே போயிட்டுது, இனிச் செய்யேலாதாம்" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "சரி பிறெடி."

என்ன நடந்தது, யார் பார்த்தது, வேறு வாங்கலாமே என்று ஏதாவது கேட்பாள் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பின்னேரம் வரைக்கும் இருந்தேன்.