தாயத்த அறுத்துட்டுப் போ

அன்பு மகன் தர்ஷனுக்கு மஸ்கெலியாவுல இருந்து அம்மா எழுதுறது. நான், அப்பா, தங்கச்சி பிரேமினி மூணு பேரும் இருக்கோம், கட்டாருல நீ சொகமா இருக்கணும்னு மாரியம்மாவக் கும்பிட்டுக்கிட்டே எழுதுறேன். இங்க மழை விடல, தேயிலக் கொழுந்தும் கொறைவு, அப்பா யாருகிட்டயும் பேசுறதில்ல. போன்ல பேசினா நீ சிரிச்சிப் பேச்ச மாத்திடுற, அதான் எழுதுறேன், பிரேமினி இந்தக் காயிதத்தப் படம் புடிச்சி அனுப்புவா.

அண்ணன் பிரதாப் கிரவுண்டுல ஓடுறப்ப விழுந்து செத்தப்ப அவன் இதயத்த ஆராய்ச்சிக்கு வச்சிக்கட்டுமான்னு டாக்டரம்மா கேட்டாங்க, நானும் சரின்னுட்டேன், புள்ளைய நெஞ்சு இல்லாம பொதைச்சிட்டோமேன்னு அன்னையில இருந்து சோறு எறங்கல. போன மாசம் டாக்டரம்மா கூப்பிட்டு அந்த இதயத்தோட படத்தக் காட்டினாங்க. எம்ஆர்ஐ மெசின்ல ரொம்ப நேரம் வச்சி எடுத்ததாம், சதை நாரு எந்தப் பக்கம் ஓடுதுன்னு கலர் கலராத் தெரியுது. நல்ல இதயத்துல அது நம்ம மலையில தேயில நெரை வளைஞ்சு போற மாதிரி ஒழுங்கா சுத்திப் போகுது. அண்ணனுக்கு நடுவுல, செடியக் கவ்வாத்து வெட்டாம விட்ட மலை மாதிரி குறுக்கும் நெடுக்குமாப் பின்னிக் கெடக்கு. அதனாலதான் துடிப்பு தப்பிப் போச்சாம், கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கலாமாம். பிரேமினிக்குப் பாத்தாச்சு, ஒண்ணுமில்ல. மிச்சம் நீதான்.

அங்க நீயும் படம் எடுக்க ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டு, மெசினுக்குள்ள தாயத்துக்கு விசா இல்லன்னுட்டாங்கம்மா, கழட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, அதான் வந்துட்டேன்னு நேத்து போன்ல சிரிக்கிற. ஆமா, கருமாதி முடிஞ்ச கையோட மந்திரிச்சி கட்டாருக்கு வந்த சின்னராசாகிட்ட குடுத்து விட்டது நாந்தான், என்ன வந்தாலும் கழட்டாதன்னதும் நாந்தான். அதே வாயால சொல்றேன், அறுத்துடு. சாமி குத்தம்னா என் தலையில விழட்டும்.

தாயத்து சும்மா சாக்கு, கோளாறுன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் ஊருக்கு ஏத்தி விட்டுடுவான்னு நீ பயப்படுறன்னு பிரேமினி சொல்றா. ஏத்தி விட்டா விடட்டும்டா. நம்ம லயத்து வீட்டுல அண்ணன் படுத்த எடம் சும்மாதான் கெடக்கு, வந்து படு. படம் எடுக்குற வரைக்கும் பந்து வெளையாடப் போகாத, படியில ஓடி ஏறாத, நேரத்துக்கு சாப்பிடு.

நல்லா இருப்ப ராசா, மாரியம்மா காவல் இருப்பா. ரிசல்ட்டு வந்தா நல்லதோ கெட்டதோ எங்கிட்டச் சொல்லணும், தங்கச்சியோட சேந்து மறைக்கக் கூடாது. அழுறதுன்னாலும் தெரிஞ்சி அழுறேன்.

உன் அம்மா
சண்முகவடிவு