பெயிண்டர் வாங்கிய வீடு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம்தான். அம்மாவும் சுகம் என்று எழுத முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போன மாதம் போனில் உன்னிடம் கத்திவிட்டுப் பாதியில் வைத்துவிட்டேன், அது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. மறுபடி போனில் ஆரம்பித்தால் மறுபடி கத்துவேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதுவும் ஒரு வசதி.

வீட்டு விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன், அம்மா உனக்குப் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள். பழைய வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் மரம் அறுக்கும் பட்டறை வந்ததிலிருந்து அவளுக்கு மூச்சு இளைப்பு கூடிப்போனது உனக்குத் தெரியும். தூசியும் ஈரமும் இல்லாத வீடாகப் பாருங்கள், இல்லாவிட்டால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இந்த வயதில் சொந்த வீடு. விற்றவர் அம்மாவை அக்கா என்பார், என்னை அண்ணே என்பார், பேச்சில் அவ்வளவு குழைவு. மூன்று தடவை போய்ப் பார்த்தோம், மூன்றும் நல்ல வெயில் நாள். அம்மா படுக்க என்று நாங்கள் நினைத்த பின்னறைக்கு மட்டும் புதுப் பெயிண்ட், வெளிர் நீலம், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பீரோ. ஏன் இந்த அறைக்கு மட்டும் என்று கேட்டேன். பொண்ணு பரீட்சைக்குப் படிக்கிற ரூம், அவளுக்குப் பிடிச்ச கலர் அண்ணே என்றார். நாற்பது வருஷம் பெயிண்டராக இருந்தவன் அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? பீரோவை நகர்த்தச் சொல்லிச் சுவரில் கையை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நானோ ஜன்னல் ஓரத்தில் பிரஷ் இழுத்திருந்த கோட்டைப் பார்த்துச் சொக்கிப்போய் நின்றேன். டேப் ஒட்டாமல் இவ்வளவு நேராக இழுக்க இப்போது யாருக்கு வருகிறது, வேலைக்காரன் என்றால் இவன்தான் என்று அவரிடமே பாராட்டினேன். உங்க கண்ணுக்குத் தப்புமா அண்ணே என்றார். நானும் பல்லை இளித்தேன்.

குடிவந்த இரண்டாவது மாதம் மழை பிடித்தது. மூன்றாம் நாள் அந்தச் சுவர் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. ஒன்றைக் குத்தினேன், நீலம் உரிந்து கையோடு வந்தது. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிச் சுவரே ஊறியிருந்தது, பீரோ நின்ற இடம் முழுக்கக் கரும்பூஞ்சை. அன்றிலிருந்து அம்மா முன்னறையில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், படுத்தால் மூச்சு வாங்குகிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் கேட்டால், வருஷா வருஷம் மழைக்கு அந்த ரூமைப் பூட்டிடுவாங்களே, நீங்க பெயிண்டர்னு சொன்னாங்க, தெரிஞ்சுதான் வாங்குறீங்கன்னு நெனச்சோம் என்கிறார். அந்த மனிதருக்குப் போன் போட்டேன். நீங்களே பாத்து நல்லாருக்குன்னு சொன்னீங்களே அண்ணே, உங்க தொழில்ல உங்களுக்குத் தெரியாததையா நான் மறைக்கப் போறேன் என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். மறுநாளிலிருந்து போனை எடுப்பதே இல்லை. வக்கீலிடம் போனேன், நீங்க என்ன வேலை பாத்தீங்க என்றுதான் முதலில் கேட்டார். சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அந்த ஆத்திரத்தில் இருந்தபோதுதான் நீ போனில், ரெண்டு கோட் அடிச்சு வித்துட்டு வெளிய வாங்கப்பா என்றாய். என் பெண்ணா இப்படிப் பேசுவது என்று கத்தினேன். உன் மேல் கோபமில்லை பாப்பா. என் மனதிலும் அதுவேதான் ஓடிக்கொண்டிருந்தது, உன் வாயிலிருந்து கேட்டதும் சுருக்கென்றது. நாற்பது வருஷத்தில் எத்தனை பேர் என்னைக் கூப்பிட்டு, வீட்டை விக்கப் போறோம், அந்தச் சுவரை மட்டும் கொஞ்சம் பாருங்க என்றிருப்பார்கள். பார்த்துக் கொடுத்தேன். ஈரத்தின் மேலேயே பட்டி பூசி மறைத்தேன். பிறகு அந்த அறைகளில் யார் படுத்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நீ படித்தது அந்த வேலையில் வந்த காசில்தான்.

போனை வைத்த பிறகு நீ சொன்னதைத்தான் செய்தேன். மழை விட்ட வாரத்தில் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர், பட்டி, இரண்டு கோட். நீலம் அடித்த அந்தப் பெயிண்டரைவிட எனக்கு நன்றாகவே வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. போன ஞாயிறு தரகர் ஓர் இளம் ஜோடியைக் கூட்டிவந்தார், அந்தப் பெண்ணுக்கு ஏழாவது மாதம். பின்னறையில் நின்று, தொட்டிலை இந்தச் சுவரோரமாப் போடலாம் என்று புருஷனிடம் சொன்னாள். இங்கே காற்று நன்றாக வரும் என்று நானும் சேர்த்தேன். அம்மா முன்னறையிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, இளைப்போடு இளைப்பாக, இந்த ரூம்ல ஓதம் இருக்கும்மா, மழை பேயறப்ப வந்து பாத்துட்டு முடிவு பண்ணு என்று சொல்லிவிட்டாள். அவர்கள் போய்விட்டார்கள், தரகர் என்னை முறைத்துவிட்டுப் போனார். உன் அம்மாவுக்கு நாலு படி ஏற மூச்சில்லை, இதைச் சொல்ல மட்டும் எங்கிருந்துதான் வந்ததோ. யாருக்காக இந்தப் பாடு படுகிறேன் என்ற ஆற்றாமையில் இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவளும் சமாதானத்துக்கு வரவில்லை, சாப்பாட்டை மட்டும் எடுத்து வைத்தாள்.

இன்று காலை மாமா வந்து அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான் இடுப்பு உயரத்துக்குக் காரையை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லைக் காயவிடப் போகிறேன். நாலைந்து மாதம் ஆகும், அதற்கப்புறமும் உறுதி சொல்ல முடியாது என்கிறார் கொத்தனார். அதுவரை அவள் அங்கே, நான் இங்கே. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு காலம் பிரிந்து இருந்ததில்லை. அந்த மனிதன் மேலும் எரிச்சல், என் மேலும் எரிச்சல், எதைத் தொட்டாலும் எரிச்சலாக வருகிறது.

நீங்களும் அங்கே வீடு பார்ப்பதாகச் சொன்னீர்கள். மழை நாளில் போய்ப் பாருங்கள், சாமானை நகர்த்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். இருவரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழ அப்பாவின் ஆசி. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கிளம்பும்போது அம்மா, பாப்பாவுக்கு எழுதறப்ப அந்தப் பொண்ணுகிட்ட ஓதத்தைச் சொன்னது நீங்கதான்னு எழுதுங்க என்றாள். போனிலும் உன்னிடம் அப்படித்தான் சொல்வாள். சரிம்மா என்று கேட்டுக்கொள்.

காரைத் தூசி படிந்த கையோடு,
உன் அப்பா